கணவாய்க்கு முன்பே திரும்பிய திலகவதி அக்கா

கடந்த செவ்வாய்க்கிழமை காலை, திருவரங்குளம் ஒன்றிய அலுவலகத்தில் ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது தோழி ஜெஸிமா அழைத்தாள். "கவிதா, நிக்கிறியா? மொதல்ல ஒக்காரு," என்றாள். பிறகுதான் செய்தியைச் சொன்னாள். அறந்தாங்கியில் தமது ரத்தப் பரிசோதனை நிலையத்தில், காலை வேலையை முடித்து நாற்காலியில் சாய்ந்த திலகவதி அக்கா பிறகு எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். வயது ஐம்பத்திரண்டு.

அக்காவை அறியாதவர்களுக்கு அவரை ஒரே வரியில் சொல்வதென்றால், அவர் கேள்வி கேட்பவர். ஏழு ஆண்டுகளுக்கு முன் சர்க்கரை பார்க்க முதன்முதலாக அவரிடம் போனேன். ஊசியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வலிக்காது என்றெல்லாம் சமாதானம் சொல்லாமல், "அங்கிட்டுத் திரும்பிக்கிட்டீங்களே, பயம் ஊசிக்கா, ரத்தத்துக்கா?" என்று கேட்டார். நான் யோசித்து முடிப்பதற்குள் ரத்தம் எடுத்தாகிவிட்டது. ஆனாலும் விடவில்லை. "சொல்லிட்டுப் போங்க. நெசமாவே தெரிஞ்சுக்கணும்."

அதுவே நட்பாயிற்று. தையல்கடை வைத்திருக்கும் ஜெஸிமா, மழலையர் பள்ளி ஆசிரியை வள்ளிக்கண்ணு, அக்கா, நான் என நால்வரும் தினமும் காலையில் நடக்கத் தொடங்கினோம். ஒருநாள் ஜெஸிமா தன் கைப்பேசியில் ஒரு பனிமலைக் காணொளியைக் காட்டினாள். நாங்கள் அழகு என்றோம். அக்கா மட்டும், "அம்புட்டு ஒசரத்துல மூச்சு முட்டுமாமே. ஒடம்புக்குள்ள என்னதான் நடக்கும்? போய்ப் பாத்துட்டு வந்துருவமா?" என்றார்.

விளையாட்டுப் பேச்சு என்றுதான் நினைத்தோம். மறுவாரமே முதுகுப்பையில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டு, எங்களைச் சித்தன்னவாசல் குன்றில் ஏற்றி இறக்கினார். நான்கைந்து வாரம் பார்த்த காவலாளிக்குப் பொறுக்கவில்லை. "எத்தன தடவதாம்மா அந்த ஓவியத்தப் பாப்பீங்க?" என்றார். "ஓவியம் பாக்க வரலண்ணே, மூச்சு வாங்க வாரோம்," என்றார் அக்கா.

சென்ற ஆண்டு புரட்டாசியில் இமயமலைக்குப் போனோம். ஒரு வழிகாட்டியும் அவருடைய உதவியாளரும் உடன் வந்தார்கள். நான்காம் நாள், பதினான்காயிரம் அடியை நெருங்கிய ஓரிடத்தில் கூடாரம் போட்டோம். மறுநாள் கணவாயைக் கடப்பதாகத் திட்டம். அங்கே எனக்குத் தலைவலியில் மண்டை பிளந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அக்கா கேட்டபோதும், "நல்லாத்தான் இருக்கேன்," என்றேன்.

காலையில் காலணியின் கயிற்றைக் கட்டத் தெரியாமல் நான் விழித்துக்கொண்டிருந்ததை அவர் பார்த்துவிட்டார். "கவிதா, குதிகாலோட விரல ஒட்டி வச்சு, ஒரே கோட்டுல நடந்து வா பாப்போம்," என்றார். நான்காவது அடியில் சாய்ந்தேன். அக்காவின் முகம் மாறியது. "ஒசரம் ஒத்துக்காம மூளைக்கு ஏறிருச்சு. இப்பவே எறங்கணும்."

வழிகாட்டி, தம் உதவியாளர் என்னைக் கீழே கூட்டிப் போகட்டும், மற்றவர்கள் மேலே வரலாம் என்றார். கணவாய் இரண்டு மணி நேர நடைதான். ஓராண்டாக அக்கா ஆசைப்பட்ட இடம். அக்கா தம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

"நீங்க போங்கக்கா," என்று அழுதேன்.

"கணவாய் எங்கயும் ஓடிப்போகாது. நீதான் போயிருவ போல. நட."

இறங்கும் வழியெல்லாம் கேள்விகள். ஒங்க ஆபீஸ்ல எத்தன மேச? அம்மா பேரென்ன? காலையில கஞ்சி குடிச்சியா, ரொட்டி தின்னியா? முதலில் எனக்கு நாக்கு குழறியது. மூவாயிரம் அடி இறங்கிய பிறகு எரிச்சலோடு, "சும்மா இருங்கக்கா," என்றேன். அவர் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். "கோவம் வந்துருச்சா? அப்பப் பொழச்சுக்கிட்ட," என்று சொல்லிச் சிரித்தார்.

"பொய் சொல்லிட்டேன்க்கா. நேத்தே தலைவலி."

"தெரிஞ்சுபோச்சு. எதுக்குச் சொன்னன்னுதான் தெரியல. அதச் சொல்லு."

அதட்டலே இல்லை, உண்மையாகவே கேட்டார். யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். பட்டப்படிப்பைப் பாதியில் விட்டது, மணவாழ்க்கை பாதியில் முறிந்தது, இது ஒன்றையாவது முழுதாக முடிக்க நினைத்தது. அவர் குனிந்து, அவிழ்ந்திருந்த என் காலணிக் கயிற்றைக் கட்டிவிட்டார். பிறகு, "அடுத்த வருசம் நாம ரெண்டு பேரும் வருவோம். தலவலிச்சா மொதல்ல எங்கிட்டச் சொல்லணும்," என்றார்.

வழிகாட்டியோடு கணவாயைக் கடந்துவிட்டு மறுநாள் மாலை கீழே வந்து சேர்ந்த மற்ற இருவரையும் அக்கா உட்காரவிடவில்லை. கணவாய்க்கு அங்கிட்டு மண் என்ன நிறம், பறவை ஏதும் கத்துச்சா, எதிர்க்காத்தா பக்கக்காத்தா? "போட்டோ இருக்குல்லக்கா," என்றாள் வள்ளிக்கண்ணு. "போட்டோவுல காத்து தெரியுமாடி?" என்றார். அவருக்கு ஏக்கம் இருந்ததா என்று நான் கடைசிவரை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

வருகிற புரட்டாசிக்கு எங்கள் இருவருக்கும் பயணச்சீட்டு எடுத்திருந்தார்.

புதன்கிழமை அவரை எடுத்தார்கள். தெருமுனையில் ஒரு பெரியவர், "பொம்பளைங்க இதோட நின்னுக்கங்கம்மா," என்றார். நாங்கள் மூவரும் நின்றோம். முன்னால் போய்க்கொண்டிருந்த அக்காவின் கணவர் திரும்பிப் பார்த்தார். "அவங்க வரட்டும் மாமா. அவளோட நடந்தவங்க," என்றார்.

பெரியவர் வழிவிட்டார். வெயிலில் சுட்ட தார்ச்சாலையில், ஊர்வலத்தின் கடைசியில் மூவரும் கைகோத்து நடந்தோம். சிதை மூண்டு எரிந்து தணியும்வரை நின்றோம். எங்களில் ஒருவரும் பாதியில் திரும்பவில்லை.

போய் வாருங்கள், அக்கா.