எழுந்திருக்க ஒரு நாற்காலி

என் வீட்டுக்காரருக்கு உட்காரத் தெரியாது. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். வாலிப வயதில் பஸ் கண்டக்டராகச் சேர்ந்தவர், ஓய்வு பெறும்வரை ஓடுகிற வண்டியில் நின்றே காலத்தை ஓட்டிவிட்டார். கண்டக்டருக்கென்று ஓர் இருக்கை இருக்கத்தான் செய்தது. இந்த மனுஷன் அதில் உட்கார்ந்தால்தானே? வயசானவர் ஒருத்தர் ஏறுவார், கைக்குழந்தையோடு ஒருத்தி ஏறுவாள், இவர் உடனே எழுந்து இடத்தைக் கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எங்கள் தெருவில் அவருக்குப் பெயரே 'விசில்'தான். நான் விசில் சம்சாரம்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்? வேலையை விட்டு வந்த பிறகும் யார் வீட்டுக்கு வந்தாலும் எழுந்துவிடுவார். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரைப் பார்த்து, "உக்காருங்க சார், எடம் இருக்கு" என்பார். தோளில் சிலிண்டரோடு அந்த ஆள் எப்படி உட்காருவான்? ஒருமுறை பல் டாக்டரிடம் போனவர் பல்லைப் பிடுங்காமலே திரும்பி வந்தார். என்ன ஆச்சு என்று கேட்டால், "எனக்குப் பின்னால ஒருத்தர் கன்னத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னாரும்மா. பாவமா இருந்துச்சு, நாற்காலியைக் குடுத்துட்டு வந்துட்டேன்" என்கிறார். இப்படி ஒரு ஆளோடு குடித்தனம் நடத்துகிறேன்.

வேலை முடிந்த சந்தோஷத்துக்கு வெளியூரில் இருக்கும் என் மகன் ஒரு சோபா வாங்கி அனுப்பினான். சோபாவா அது, சேற்றுக்குழி! உட்கார்ந்தால் முழங்கால் முகவாய்க்கு வரும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நாங்கள் ஆழம் தெரியாமல் இடுப்பையே விட்டோம். அதிலிருந்து வெளியே வர அவர் முன்னும் பின்னும் ஆடி, மூச்சைப் பிடித்து, எட்டிப் பாய வேண்டும். விழுந்து வைக்கப் போகிறாரே என்று ஒவ்வொரு முறையும் நான் கையை நீட்டிக்கொண்டு ஓடுவேன்.

நான் பயந்தபடியே நடந்தது. கீழ்வீட்டுத் தையல்காரம்மா தைத்த துணியைக் கொடுக்க வந்தாள். வாசலில் நிழல் தெரிந்ததுதான் தாமதம், இவர் பாய்ந்தார். பாதி உடம்பு எழுந்தது, மீதியைச் சோபா விடவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து டீப்பாய் மேல் விழுந்து, அங்கிருந்து தரைக்கு வந்தார். நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைப்பு. படுத்த வாக்கிலேயே, "உக்காருங்கம்மா, சீட்டு காலியாத்தான் இருக்கு" என்று அவளிடம் சொன்னார். தையல்காரம்மா துணியைப் போட்டுவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். அவளைத் தேற்றுவதா, இவரைத் தூக்குவதா என்று எனக்குத் தெரியவில்லை.

செய்தி கேட்டு மகள் ஓடி வந்தாள். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு வருகிறவர்களை அன்றாடம் பார்க்கிறவள். அப்பாவின் நெற்றியைப் பார்த்தாள், சோபாவை ஒரு குத்து குத்தினாள், தீர்ப்பைச் சொன்னாள்.

"அம்மா, இனிமே நீங்க ரெண்டு பேரும் தனியா இருக்குறது சரிப்படாது. நீ என் வீட்டுக்கு வந்துடு. அப்பா அண்ணன் வீட்டுக்குப் போகட்டும். எங்க ரெண்டு பேர் வீட்டுலயும் ஒருத்தருக்குத்தான் எடம் இருக்கு."

அது எப்படி நடக்கும்? அவரோடு நான் தினமும் சண்டை போடுகிறேன், அது வேறு விஷயம். சண்டை போடவாவது அந்த ஆள் என் எதிரில் இருக்க வேண்டாமா? அவரை ஓர் ஊரிலும் என்னை ஓர் ஊரிலும் வைத்தால் நான் யாரைத் திட்டுவேன்?

"ஒழுங்கான நாற்காலி வாங்கிட்டா?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை வர்றேன். அதுக்குள்ள வாங்கி வை. அப்பா யாரையும் புடிக்காம, ஆடாம, அசையாம எந்திரிச்சுக் காட்டணும். அப்புறம் பேசலாம். மெத்து மெத்துன்னு இருக்குறதைப் பாத்து மயங்காதே. பாதம் முழுசா தரையில பதியணும், முதுகு சாயணும், கை வைக்கிற கட்டை முன்னால வரைக்கும் வரணும். அதை ஊனித்தான் எந்திரிக்கணும்."

மறுநாளே நாற்காலிக் கடைக்குப் போனோம். மாடி முழுக்க நாற்காலி. கழுத்தில் டை கட்டிய விற்பனையாளர் எங்களைப் பார்த்ததும், "வயசானவங்களுக்குன்னே வந்திருக்கு" என்று யானைக்குட்டி போல ஒன்றைக் காட்டினார். பட்டனை அழுத்தினால் சாயுமாம், இன்னொரு பட்டனை அழுத்தினால் ஆளையே தூக்கி நிறுத்துமாம். இவர் ஏறி உட்கார்ந்து ஏதோ ஒரு பட்டனை அமுக்கினார். கால் மேலே போனது, தலை கீழே போனது. "ஹோல்டான்! ஹோல்டான்!" என்று கத்தி, இன்னமும் சட்டைப்பையில் வைத்திருக்கும் பழைய விசிலை எடுத்து ஊதினார். அந்த மிஷினுக்கு விசில் பாஷை எங்கே தெரியும்? அது நிதானமாகச் சாய்ந்து முடித்துவிட்டுத்தான் நின்றது. விசில் சத்தம் கேட்டு, ஏதோ ஆபத்து என்று கடையில் பாதிப் பேர் மாடிப்படியில் இறங்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அடுத்தது சக்கரம் வைத்த நாற்காலி. "ஓடுற வண்டி எனக்குப் பழக்கம்தானே" என்று உட்கார்ந்தார். எழுந்தபோது நாற்காலி பின்னால் ஓடிப்போய் ஒரு அலமாரியில் மோதியது. அவர் நின்றுவிட்டார், நாற்காலிதான் விழுந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று நான் பெருமூச்சு விட்டேன்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. 'எந்திரிங்க' என்று விற்பனையாளர் சொன்னால் இவர் பதவிசாக, மெதுவாக எழுந்திருக்கிறார். வீட்டிலோ யாராவது வந்தால் பாய்கிறார். விழுவதெல்லாம் அந்தப் பாய்ச்சலில்தான். அதைச் சோதிக்காமல் நாற்காலி வாங்கினால் காசு தண்டம், மனுஷனும் தண்டம். உடனே அங்கிருந்த ஒரு தலையணையை எடுத்துப் புடவைத் தலைப்புக்குள் செருகினேன். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிறைமாதக் கர்ப்பிணி மாதிரி அசைந்து அசைந்து அவர் முன்னால் வந்தேன். எனக்கு வயது அறுபத்தாறு.

"என்னம்மா இது கூத்து?" என்றார் விற்பனையாளர்.

"நீங்க சும்மா இருங்க. இவரு எந்திரிப்பாரு பாருங்க."

எழுந்தார்! நான்தான் என்று தெரிந்தும் உடம்பு கேட்கவில்லை, துள்ளி எழுந்தார். அந்த நாற்காலிக்குக் கைக்கட்டை இல்லை, தடுமாறினார். வேண்டாம் என்று தள்ளினேன். அடுத்ததில் அதே தலையணையைக் குழந்தையாக்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வந்தேன். அது ரொம்பப் பள்ளம், பின்னால் போய்ச் சரிந்தார். அடுத்தது உயரம், கால் தொங்கியது. அதற்கு நான் நொண்டிக்கொண்டு வந்தேன். கடைக்கு வந்தவர்களெல்லாம் சாமான் வாங்குவதை விட்டுவிட்டு வட்டமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். இவர் அவர்களையும் விடவில்லை. "வழியில நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள எடம் இருக்கு" என்று ஒழுங்குபடுத்தினார். விற்பனையாளர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

ஒன்றும் தேறவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. தலையணையை எடுத்த இடத்தில் வைக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் இவர் பில் போடும் மேஜைக்குப் பக்கத்தில், ஒரு பழைய மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்போது நிஜமாகவே ஒரு பெண் தூங்குகிற குழந்தையோடு படியேறி வந்தாள். இவர் பாய்ந்தார். இரண்டு கையும் கட்டையில் ஊன்றின, பாதம் தரையில் பதிந்தது, ஆள் தூண் மாதிரி நின்றார். நாற்காலி ஓர் அங்குலம் நகரவில்லை.

"இதுதான்! இதைக் கட்டுங்க!" என்று கத்தினேன்.

"அம்மா, அது விக்கிறதுக்கு இல்லை. பில் போடக் காத்திருக்கிறவங்க உக்கார்றதுக்குப் போட்டிருக்கோம்."

"சரி, அப்ப நாங்க காத்திருக்கோம். நாளைக்கும் வந்து காத்திருக்கோம். தலையணையும் அங்கேதான் இருக்கு" என்றேன்.

முதலாளியைக் கேட்டு உடனே விற்றுவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். வந்ததும், புது நாற்காலியில் இருந்த இவர் எழுவதற்குள் சோபாவில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். அதனால் இவர் எழுந்திருக்க அவசியமில்லாமல் போனது.

"எந்திரிங்கப்பா, பாக்கலாம்."

"எதுக்கு எந்திரிக்கணும்? யாரும் நிக்கலையே."

"வெளையாடாதீங்கப்பா. முடியலையா?"

"முடியாதுன்னு யாரு சொன்னா? நிக்கிற ஆளைக் காட்டு, எந்திரிக்கிறேன்."

இந்தப் பிடிவாதத்துக்கு மருந்தே கிடையாது. மகள் முகம் மாறியது. அண்ணனோடு பேசப் போனைக் கையில் எடுத்துவிட்டாள். நான் காபித் தட்டோடு நடுக்கூடத்தில் நிற்கிறேன். என் கால் கடுக்கிறது. இந்த மனுஷன் நிற்கிற ஆளே இல்லை என்கிறார்! எனக்கு வந்ததே கோபம்.

"ஏங்க, நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் நிக்கிறேனே, கண்ணு தெரியலையா? கல்யாணம் ஆன நாள்லேருந்து நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன். ஊருக்கெல்லாம் சீட்டு குடுத்தீங்களே, தலையணை வேஷம் இல்லாம எனக்கு ஒரு நாளாவது எந்திரிச்சிருக்கீங்களா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நிஜமாகவே இப்போதுதான் கண்ணில் பட்ட மாதிரி பார்த்தார்.

"நீ ஸ்டாஃப் ஆச்சேம்மா" என்றார். "நம்ம ரெண்டு பேரும் ஒரே வண்டி ஸ்டாஃபுன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன். ஸ்டாஃப் நின்னுக்கிட்டுத்தானே வரணும்?"

சொல்லிக்கொண்டே கையை ஊன்றினார். ஆடவில்லை, அசையவில்லை, யாரையும் பிடிக்கவில்லை. எழுந்து நின்று, காபித் தட்டை என் கையிலிருந்து வாங்கி டீப்பாயில் வைத்தார்.

"உக்காரு."

உட்கார்ந்தேன். பாதம் தரையில் பதிந்தது, முதுகு சாய்ந்தது. அவர் நாற்காலியின் கட்டையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று குனிந்தார்.

"எங்கம்மா போகணும்?"

"நீங்க எங்க எறங்குறீங்களோ அங்கதான். கேக்குறதைப் பாரு கேள்வி!" என்றேன்.

மகள் போனைக் கீழே வைத்துவிட்டு மூக்கைத் துடைத்தாள். "ரெண்டு பேரும் இங்கயே இருங்க. நான் அண்ணன்கிட்ட சொல்லிக்கிறேன்" என்றாள். பிறகு சோபாவிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. இவர்தான் கை கொடுத்துத் தூக்கினார்.

"காபி ஆறுது, எந்திரிச்சு எல்லாருக்கும் குடும்மா" என்றார் என்னிடம்.

"நீங்களே குடுங்க. நான் டிக்கெட் வாங்கி உக்காந்திருக்கேன்" என்றேன்.