அத்தை கட்டில் ஓரத்துச் சுவர்

வெனிலா எசன்ஸ் வாசனையும் புதிதாகச் சுரண்டிய சுவரின் ஈரச் சுண்ணாம்பு வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் கிறுகிறுக்கும். வெனிலா, ஜோதி அத்தையுடையது. அப்பாவின் தங்கை; பூனாவை ஒட்டிய சிஞ்ச்வடில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பாக்கிங் பிரிவில் வேலை; எந்த சோப்பைப் போட்டுக் குளித்தாலும் அவள் தலைமுடியில் அந்த வாசனை தங்கிவிடும். சுண்ணாம்பு, நிக்டியில் இருந்த எங்கள் வீட்டின் உள்ளறையுடையது. "கோலி" என்றுதான் அந்த அறையைச் சொல்வோம். மராத்திக்காரர்களிடமிருந்து எங்கள் வாயில் ஒட்டிக்கொண்ட சொல், வேலூரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்தக் கோலியில் இரண்டு இரும்புக் கட்டில்கள், ஜன்னல் பக்கம் எனக்கு, எதிர்ச் சுவர் ஓரம் அத்தைக்கு. நான் பிறந்தபோது அம்மாவுக்கு ஒத்தாசையாக ரயிலேறி வந்தவள், பிறகு வேலை கிடைத்து எங்களோடேயே தங்கிவிட்டாள்.

எனக்குப் பதினைந்து வயது நடந்துகொண்டிருந்தது. மழை விட்டு, தசரா நெருங்கி, காலனியில் எல்லா வீட்டிலும் சாமான்களை வெளியே தூக்கிப் போட்டு "சஃபாய்" நடந்துகொண்டிருந்த நாட்கள். ஒருநாள் அம்மா, கீரை ஆய்ந்துகொண்டே, "இந்தத் தீபாவளிக்கு உள் ரூமுக்கு நல்ல கலரா அடிச்சிடலாம், உன் ரூமு, நீயே சொல்லு" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை எங்கள் சுவர்களுக்கு நீலம் கலந்த சுண்ணாம்புதான். சாய்ந்து உட்கார்ந்தால் முதுகெல்லாம் மாவு. சும்மா விடுவேனா, ஊதா என்றேன், அதுவும் அடர்ந்த ஊதா. "ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க" என்று அம்மா கீரையை உதறினாள். தேஹு ரோடு ஆயுதத் தொழிற்சாலையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த அப்பா, சட்டையைக் கழற்றியபடியே, "பிஸ்கட் கலர் அடிங்க, அழுக்குத் தெரியாது" என்று தீர்ப்புச் சொன்னார். அதற்குத்தான் அத்தை அலறினாள்: "இன்னாண்ணா நீ! நாள் பூரா பிஸ்கட்டதான் பாக்கறேன், வூட்டுக்கு வந்தும் அதையா பாக்கறது?" அப்பாவே சிரித்துவிட்டார். ஆனால் வேறு என்ன வேண்டும் என்று அவளை யாரும் கேட்கவில்லை. நானும் அப்போது அதைக் கவனிக்கவில்லை.

பெயிண்டர் மாமா வந்தார், எங்கள் பாஷையில் பெயிண்டர் காகா. பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, பட்டி பார்த்து, வெள்ளை டிஸ்டெம்பரில் சொட்டுச் சொட்டாகச் சாயம் விட்டுக் கலக்கி, அத்தையின் கட்டில் ஓரத்துச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு வரிசையாகத் திட்டுகள் போட்டார். "பார்த்து வையுங்கள், வந்து அடிக்கிறேன்" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனவர், தசரா நேரத்துப் பங்களா வேலை எங்கேயோ கிடைத்து ஆளே காணாமல் போய்விட்டார். அம்மா தினமும் அவரை வைதாள். நானும் அத்தையும் மட்டும், அவர் வரவே வேண்டாம் என்று உள்ளூர வேண்டிக்கொண்டிருந்தோம்.

ஏனென்றால் அந்தத் திட்டுகளைப் பார்ப்பதே எங்களுக்கு வேலையாகிவிட்டது. காலை ஷிப்ட் முடிந்து அத்தை நாலு மணிக்கு வந்துவிடுவாள். நான் பள்ளிக்கூடப் பையை வீசிவிட்டு அவள் கட்டிலிலேயே அவள் பக்கத்தில் விழுவேன். இருவரும் காலைத் தூக்கிச் சுவரில் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் கிடப்போம். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் மெல்ல நகர்ந்து வந்து ஒவ்வொரு திட்டாகத் தொடும். பெயிண்டர் விட்டுப்போன ஷேட் கார்டில் இருந்த ஆங்கிலப் பெயர்கள் அத்தைக்கு வாயில் நுழையவில்லை, அதனால் அவளே பெயர் வைத்தாள்: வெளிர்ப்பச்சைக்குப் "பட்டாணி", ஒரு மங்கல் நீலத்துக்கு "உன் யூனிபாரம்", ரோஸுக்குப் "பல்பொடி", மஞ்சளுக்கு "மைசூர்பாகு". என் ஊதாவுக்கு மட்டும் "காயம் பட்ட இடம்" என்று பெயர். அதற்காக நான் ஒரு நாள் முழுக்க அவளோடு பேசவில்லை. ஒரு திட்டுக்குள் நுழைந்தால் எந்த ஊர் வரும் என்று ஒரு விளையாட்டு வேறு. பட்டாணிக்குள் போனால் மகாபலேஷ்வர், எப்போதும் மழை. யூனிபாரத்துக்குள் கடல், நாங்கள் இருவரும் அதுவரை பார்த்திராத கடல். மைசூர்பாகுக்குள் என்ன என்று கேட்டால் மட்டும் அவள் சொல்ல மாட்டாள், "அது எனக்கு" என்பாள். வெயில் இறங்க இறங்க மற்ற நிறங்களெல்லாம் ஒவ்வொன்றாக மங்கும், மஞ்சள் மட்டும் கடைசிவரை தாக்குப்பிடிக்கும், அத்தை பேச்சை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பாள், நான் அவள் தோளில் மூக்கை வைத்துத் தூங்கிப்போவேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதற்குப் பிறகு அப்படி ஒரு தூக்கம் நான் தூங்கியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சோலாப்பூரிலிருந்து ஒருவர் வந்தார். எங்கள் ஊர்ப்பக்கத்துக் குடும்பம்தான், மனைவி இறந்து நாலைந்து வருடம், பிள்ளை இல்லை, மில்லில் மெக்கானிக். வீட்டில் யாரும் எனக்கு எதுவும் சொல்லவில்லை, ஆனாலும் கேசரி கிண்டுகிற வாசனையிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. முன்தலையில் முடி இல்லை, சட்டைப்பையில் சீப்பு மட்டும் இருந்தது, எனக்கு அதுவே போதும் அவரை வெறுக்க. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தவர், திறந்திருந்த கதவு வழியாகத் திட்டுகளைப் பார்த்துவிட்டு, அங்கே துண்டோடு நின்ற அத்தையிடம், "இதுல உங்களுக்கு எது புடிச்சிருக்கு?" என்றார். அத்தை துண்டை நீட்டியபடியே மஞ்சளைக் காட்டினாள். 'எங்கள் வீட்டுச் சுவரைப் பற்றி இவருக்கு என்ன?' என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாளே பக்கத்து வீட்டுக்கார அம்மாளிடம் அம்மா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னாள்: "எல்லாம் முடிஞ்ச மாதிரிதாங்க, தையில வெச்சுக்கலாம்னு இவரு சொல்லிட்டாரு. அதான் அவ போனப்புறம் எங்க பொண்ணுக்குன்னு ரூமைப் பெயிண்ட் அடிச்சுக் குடுத்துடலாம்னு." கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. உன் ரூம், உன் ரூம் என்று அம்மா சொன்னதெல்லாம் அத்தை இல்லாத ரூமைத்தான்! சாயங்காலம் அவள் பக்கத்தில் விழுந்ததும் கேட்டேன், "அத்த, நீ சரின்னு சொல்லிட்டியா?" அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "யாரு கேட்டாங்க என்னை? உன்னைக் கலராவது கேட்டாங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. முப்பத்தைந்து வயதில் வருகிற சம்பந்தத்தை ஒருத்தி வேண்டாம் என்பாளா என்று வீட்டில் நினைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். அவளை எப்படியும் போகவிடக் கூடாது என்று நான் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

தசரா முடிந்து பெயிண்டர் காகா ஏணியோடு வந்து நின்றார். "போல் பேட்டா, கௌன்சா?" என்று, எந்தக் கலர் என்பதை என்னிடம் கேட்டார். அப்பா, அம்மா, அத்தை, எல்லோரும் கோலியில் இருந்தார்கள். என் குரல் கீச்சென்று போயிற்று. "எனக்குத் தெரியாது, அத்தையைக் கேளுங்க. இது அவங்க ரூம். எதையுமே நீங்க யாரும் அவங்களைக் கேக்கறதே இல்ல!" என்று கத்தினேன். "வாயைப் பாரு, வளர்ந்து கெட்டவளே" என்று அம்மா கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். அப்பா தடுத்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை, தங்கையிடம் சம்பளம் வந்ததா, சாப்பிட்டியா என்பதற்கு மேல் பேசி நான் பார்த்ததே இல்லை. அவள் பக்கம் திரும்பி, "பாப்பா சொல்றது சரிதான் ஜோதி. ஒரு வார்த்தை நான் உன்னைக் கேக்கல. கலரு கெடக்கட்டும். அந்த சோலாப்பூர் சம்பந்தம், உனக்கு இஷ்டம் இல்லன்னா இப்பவே போன் போட்டு வேணாம்னுடறேன்" என்றார்.

வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அத்தை சிரித்தபடி என் தலையைத் தடவி, இல்லண்ணா, நான் பாப்பாகூடயே இருந்துக்கறேன் என்று சொல்லப்போகிறாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்குப் போகணும்ண்ணா" என்றாள் அத்தை.

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து நான் அழுத அழுகைக்கு அளவே இல்லை. நானே அவளுக்கு வாங்கிக் கொடுத்த கேள்வி. பதில் என் தலையில் விழுந்தது. கீழே அவர்கள் மஞ்சளையே அடிக்கச் சொல்லிவிட்டார்கள், நாலு சுவருக்கும். தை மாதம் வரை அத்தை அந்த மஞ்சளுக்குள் என்னோடு படுத்துத் தூங்கினாள். நான் முறுக்கிக்கொண்டு திரும்பிப் படுக்கும்போதெல்லாம் முதுகில் கிள்ளுவாள். ரயிலேறும் அன்றைக்கு, தலையில் பூவோடு என்னைக் கட்டிக்கொண்டு, "கேக்காம அனுப்பியிருந்தா தொரத்துன மாதிரி இருந்திருக்கும்டி. கேட்டு அனுப்பினாங்க, கல்யாணம் மாதிரி இருந்துச்சு" என்றாள். அப்போது எனக்கு அது புரியவில்லை, புரியவும் வேண்டாம் என்றிருந்தது. தனி ரூம் கிடைத்த பெண் என்று பள்ளிக்கூடத்தில் தோழிகள் பொறாமைப்பட்டார்கள். எதிர்க் கட்டிலை அம்மா மடித்துப் பரணில் போட்டாள்.

இப்போது நான் அதே பூனாவில், பாணேரில், பதினோராவது மாடியில் இருக்கிறேன். நிக்டி வீட்டை இடித்து அந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது. என் மகளுக்குப் பதினாலு வயது. போன மாதம் அவள் அறைக்கு நிறம் தேர்ந்தெடுத்தாள். தேர்ந்தெடுப்பதா அது! போனைச் சுவருக்கு நேரே பிடித்து விரலால் தள்ளத் தள்ளத் திரைக்குள் சுவர் நிறம் மாறிக்கொண்டே வந்தது; கருஞ்சாம்பலில் நிறுத்தி, "மம்மா, யே ஃபைனல்" என்றாள். டீ ஆறுவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. நாங்கள் திட்டுப் போட்டு ஒரு மாதம் வைத்திருந்தோம் என்றேன். "ஒன் மன்த்தா? ஒன் மன்த் என்ன பண்ணீங்க?" என்று தன் தடுமாறும் தமிழில் கேட்டாள். பார்த்துக்கொண்டிருந்தோம் என்றேன். அவளுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும், என்னை அப்படிப் பார்த்தாள்.

எங்கள் வீட்டில் இன்னோர் அறை காலியாக இருக்கிறது. சோலாப்பூர் மாமா காலமாகி ஒரு வருடம் ஆகிறது. மனிதர் தங்கம், அவரை வெறுத்த என் வாயால் சொல்கிறேன். பெயிண்டர்கள் வந்திருந்த அன்று அத்தைக்குப் போன் போட்டேன். "அத்த, இங்கயே வந்துடேன். உனக்கு ரூம் இருக்கு, என்ன கலர் வேணும்னு சொல்லு, இன்னிக்கே அடிச்சிடறேன்" என்றேன். மறுமுனையில் குக்கர் விசில் கேட்டது. "இல்லடி பாப்பா, எனக்கு இங்கதான் இருக்கணும்" என்றாள். பிறகு மகளின் படிப்பு, என் முழங்கால் வலி, வெங்காய விலை எல்லாம் பேசினோம். அவளைக் கேட்டால் மனதில் இருப்பதைத்தான் சொல்லுவாள் என்று எனக்குத் தெரியாதா, தெரிந்துதானே கேட்டேன். இருந்தாலும் போனை வைத்ததும் அந்தக் காலி அறையில் போய் நின்றேன். வேலை வெட்டி இல்லாமல் என்னோடு படுத்துக்கொண்டு ஒரு சுவரைப் பார்க்க இந்தப் பூனாவில் இனி எனக்கு யாரும் இல்லை.

"மேடம், இஸ் ரூம் கா?" என்று, இந்த அறைக்கு என்ன கலர் எனக் கேட்டபடி வாசலில் வந்து நின்றார் பெயிண்டர்.

வெள்ளையே இருக்கட்டும் என்றேன். பொங்கலுக்கு மறுபடி கேட்டுப் பார்ப்பேன்.