விலக மாட்டேன் என்ற அஞ்சலின் டீச்சர்

அஞ்சலின் டீச்சருக்குக் கோபம் வந்தால் ராதாபுரமே வாயைப் பொத்திக்கொள்ளும். ஓய்வு பெற்ற பிறகும் அது குறையவில்லை. அந்தக் கோபத்தோடுதான் மதுரைக்கு, உயர் நீதிமன்றக் கிளைக்குப் போனார்.

கோபம் வராமல் என்ன செய்யும்? மருத்துவக் காப்பீட்டுக்கென்று மாதாமாதம் ஓய்வூதியத்தில் பிடிக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல வழியில்லை, கட்டாயம். வீட்டுக்காரர் டெனிஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த அன்று, வழியில் முதலில் கண்ட ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆள் பிழைத்தார். நகையெல்லாம் அடகுக்குப் போனது. காப்பீட்டுக்காரர்களோ, அந்த ஆஸ்பத்திரி எங்கள் பட்டியலில் இல்லை, காசு கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள். அட பாவிகளா! சாகக் கிடக்கிறவனைத் தூக்கிக்கொண்டு பட்டியல் பார்த்தா ஓடுவார்கள்?

வக்கீல் கெட்டிக்காரர். "கட்டாயப் பிடித்தமே அரசியல் சாசனத்துக்கு விரோதம்னு அடிப்போம் டீச்சர். இஷ்டமில்லாதவங்க விலகிக்கலாம்னு ஆயிட்டா, பிடிச்சது மொத்தமும் திரும்பி வரும்" என்றார். டீச்சருக்குப் பாதி நகை கழுத்துக்கு வந்துவிட்டதுபோல் இருந்தது.

வழக்குச் செய்தி பேப்பரில் வந்ததும் மாரித்தாய் வந்து வாசலில் நின்றார். பேரூராட்சியில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிறுநீரகம் பழுதாகி, அதே காப்பீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்.

"டீச்சர், நீங்க செயிச்சா சொகமா இருக்கவுக எல்லாரும் விலகிருவாவளாமே. பொறவு எங்கள மாதிரி சீக்காளிதான மிச்சம்? எங்க காசுல மிஷின் ஓடுமா?"

சண்டைக்கு வந்திருந்தால் டீச்சர் ஒரு கை பார்த்திருப்பார். மாரித்தாய் கேட்டுவிட்டு அழுதார். அன்று டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. அவர் கடற்கரையில் பிறந்தவர். கரையேறும் மீனில் ஊருக்கென்று ஒரு பங்கை அப்பா முணுமுணுத்துக்கொண்டே வைப்பதைப் பார்த்து வளர்ந்தவர். படகு கவிழ்ந்தவன் வீட்டில் அந்தப் பங்கில்தான் உலை கொதிக்கும். எந்தக் கரையில் ஒதுங்கினாய் என்று அவனை எவனும் கேட்டதில்லை.

மறுநாள் வக்கீலிடம், "விலகுத பேச்சை எடுத்துருங்க. பிடிக்கது பிடிக்கட்டும். உயிருக்கு ஆபத்துன்னா எந்த ஆஸ்பத்திரின்னு கேக்கக் கூடாது. அதை மட்டும் கேளுங்க" என்றார்.

"அப்போ உங்க காசு வரும்னு நான் உறுதி சொல்ல முடியாது டீச்சர்" என்று வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

வீட்டில் டெனிஸுக்கும் மனம் கேட்கவில்லை. "ஏட்டி, நகைய மறந்துர வேண்டியதுதானா?"

"மறந்துருவோம். நீங்க இருக்கியள்லா."

தீர்ப்பு வந்தது. கட்டாயப் பிடித்தம் தொடரும். அவசரத்தில் பட்டியலைக் காட்டி இனி யாருக்கும் மறுக்கக் கூடாது. டீச்சரின் பழைய செலவை மட்டும் மறுபடி பரிசீலிக்கச் சொல்லி, மறுத்த அலுவலகத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கேட்கிற நமக்கே வயிறு எரிகிறது. அவருக்கு எரியாமலா இருந்திருக்கும்? ஆனாலும் அன்றைக்கே மாரித்தாயைத் தேடி ஆஸ்பத்திரிக்குப் போனார். மாரித்தாய் கையில் குழாயோடு படுத்திருந்தார்.

"ஒங்க காசு வந்துட்டா டீச்சர்?"

"இன்னும் வரல. ஒனக்கு மிஷின் ஓடுதுல்லா?"

"ஓடுது டீச்சர்."

"பொறவென்ன" என்று சொல்லி, டீச்சர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.