ஹெஸ்டர் பூசிய சிவப்பு

ஹெஸ்டர் பார்டியூவின் கை நல்ல கை என்று நான் சொல்ல மாட்டேன். வேகமான கை. ஸ்ட்ராண்டு வீதியை ஒட்டிய சந்தில், திருமதி லட்லமின் கேலிப்படக் கடை மாடியில், வேகத்தைத்தான் கேட்டார்கள். நீண்ட மேசையைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள்; ஒவ்வொருத்திக்கும் ஒரே ஒரு நிறம். கறுப்பு மையில் அச்சான தாள் ஒருத்தியிடமிருந்து அடுத்தவளுக்கு நகரும். நீலக்காரி வானத்தை முடிப்பாள். மஞ்சள்காரி பொத்தான்களை முடிப்பாள். ஹெஸ்டரிடம் சிவப்பு. சிப்பாய்களின் கோட்டு, மந்திரிகளின் கன்னம், குடிகாரர்களின் மூக்கு எல்லாம் அவள் பொறுப்பு.

எதிர்க்கடையில் படங்களுக்குச் சட்டம் அடித்துக்கொண்டிருந்தவன் நான். ஜன்னலில் புதுப் படம் ஒட்டிய நாளில் சந்து அடைத்துக்கொள்ளும். வாங்குகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். நின்று சிரித்துவிட்டுப் போகிறவர்கள் ஊர் முழுக்க.

ரொட்டி விலை ஏறி ஜனங்கள் மாவு வண்டிகளை மறித்த வருடம் அது. செப்புத் தகட்டில் படம் வெட்டும் டோபியாஸ் கிரேக் ஒரு புதுப் படம் கொண்டுவந்தார். ஏழைகளைக் கவனிக்க வேண்டிய மாதாகோயில் பங்குச் சபைப் பெரியவர்கள் மேசை நிறைய வாத்தும் பன்றித் தொடையுமாகத் தின்றுகொண்டிருக்கிறார்கள்; ஜன்னலுக்கு வெளியே ஏழைகள் காலிக் கிண்ணத்தோடு நிற்கிறார்கள். நாற்காலிகளுக்குப் பின்னால், கட்டைவிரல் அளவில், மது ஜாடி பிடித்த ஒரு வேலைக்காரன். படம் பிய்த்துக்கொண்டு போனது.

அந்த வேலைக்காரனுக்கு கிரேக் எடுத்துக்கொண்ட முகம் ஹெஸ்டரின் தம்பி சைலஸுடையது. பங்குச் சபைக் கூடத்து வாசலில் ஏழைகளுக்கு சூப் ஊற்றுகிற வேலை அவனுக்கு. கிரேக் போகிற வழியில் பார்த்து மனதில் வைத்துக்கொண்டிருக்கிறார். அந்த முகம் ஹெஸ்டரின் கைக்குக் கீழே எத்தனையோ முறை போயிருக்கிறது. அவள் கவனிக்கவில்லை. அந்த மேசையில் உட்கார்ந்தவளுக்கு முகங்கள் தெரிவதில்லை, சிவக்க வேண்டிய இடங்கள்தான் தெரியும்.

சூப் வரிசையில் இருந்தவர்களுக்கு அந்த முகம் தெரிந்துவிட்டது.

"இன்னிக்கு சூப்புல எவ்ளோ ஜின் கலந்திருக்க, சைலஸு?"

"கறிய வித்துக் குடிச்சுட்டு நமக்கு எலும்புத் தண்ணி ஊத்தறான் பாரு."

சைலஸ் பீர்கூட அதிகம் தொடாதவன். சபைப் பெரியவர்களுக்குத் தங்கள்மேல் விழுந்த சிரிப்பை இறக்கிவைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. வியாழக்கிழமை அவனை விசாரிப்பதாகச் சொன்னார்கள். வேலை போனால் கூடத்துக்குப் பின்னால் அவன் படுத்திருந்த அறையும் போகும். குடிகாரத் திருடன் என்று பெயர் எடுத்தவனுக்கு அந்தக் குளிரில் வேறு வேலை கிடைக்காது.

"அக்கா, நீ வேல பாக்கற கடைலதான் என்னத் தொங்க விட்டிருக்காங்க. போய்ப் பாத்தியா?" என்று அவன் வந்து கேட்டபோதுதான் அவள் படத்தை முதல்முறையாக முழுசாகப் பார்த்தாள்.

நேராக கிரேக்கின் வீட்டுக்குப் போனாள். தகட்டை அரிக்கிற அமிலத்தின் நெடி அடிக்கும் அறை.

"ஒரு பாவமும் அறியாத புள்ளைய குடிகாரனாக்கி ஊரே சிரிக்க வச்சுட்டீங்களே, உங்களுக்கு நல்லாருக்கா?"

"எந்தப் புள்ள?"

"ஜாடியோட நிக்கறானே, அவன். என் தம்பி."

கிரேக் கையைத் துடைத்துக்கொண்டு, நிறம் ஏறாத தாள் ஒன்றை எடுத்து அவள் முன் போட்டார்.

"பாரு. நல்லாப் பாரு. அவன் ஜாடியப் பாக்கறானா? வெளிய நிக்கற ஜனத்தப் பாக்கறான். அந்த ரூம்லயே மனுஷ மூஞ்சி அது ஒண்ணுதான்னு வெட்டினேன். இதுல குடி எங்க இருக்கு?"

அவள் தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"நான் சாயம் பூசிக் குடுத்த மாதிரித் தாள் உங்க மாடிச் சுவத்துல தொங்குது. அந்த மூக்குல நான் சிவப்பு வைக்கல. மேசைல சிவப்பு யார்கிட்ட?"

ஜாடி பிடித்தவன் என்றால் மூக்கு சிவப்பு. அது அவளுடைய கைப்பழக்கம். அந்த நகரத்தில் சிவந்த மூக்குக்கு ஒரே அர்த்தம்தான். கிரேக் வெட்டிய தகடு அவனைக் குற்றம் சாட்டவில்லை, அவள் தொட்ட ஒரு புள்ளி சாட்டியது. ஒரு பொய்யைச் சொல்ல, பொய் சொல்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை.

ஹெஸ்டர் திருமதி லட்லமிடம் போய் நின்றாள்.

"முதலாளியம்மா, அந்த மூக்க வெள்ளையா விட்டுடறேன்."

"நான்கூட கவனிச்சேன். நல்லாத்தான இருக்குன்னு விட்டுட்டேன்" என்றாள் லட்லம். "சரி, உன் தம்பின்னு சொல்ற. விடு."

மறுநாளே ஒரு வாடிக்கையாளர் தாளைத் திருப்பிக் கொண்டுவந்தார். "என்னம்மா, இந்தாளு மூக்குக்கு வரும்போது சாயம் தீந்து போச்சா? ஜன்னல்ல இருக்கற மாதிரி குடுங்க."

தாள் மாடிக்கு ஏறியது. ஹெஸ்டர் அதைத் தொடவில்லை. பக்கத்தில் இருந்த பெக் எட்டி அவள் கிண்ணத்தில் தூரிகையை நனைத்தாள்.

"நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோடீ. நான் முடிச்சுடறேன்." அன்போடுதான் சொன்னாள்.

வியாழக்கிழமை ஹெஸ்டர் நிறம் ஏறாத தாளையும் மாதிரித் தாளையும் எடுத்துக்கொண்டு சபைக்குப் போனாள். சைலஸ் தொப்பியைக் கையில் பிடித்தபடி ஓரமாக நின்றான். அவள் தாள்களை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "சிவப்பு வச்சது நான். யாரும் வைக்கச் சொல்லல" என்றாள்.

சபைத் தலைவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "நீ சொல்றத நம்பறேம்மா. இவன் திருடலன்னும் எனக்குத் தெரியும்."

"அப்போ அவன் வேலைல இருக்கலாமாய்யா?"

"சூப்பு ஊத்தறவனப் பாத்து வரிசை சிரிக்கக் கூடாது. இன்னிக்குச் சிரிக்கறவன் நாளைக்குக் கல்லெடுப்பான். ஊர்ல ஒவ்வொருத்தன் வீட்டுக்கும் போய் நீ இந்தத் தாள விரிச்சுக் காட்டுவியா?"

சனிக்கிழமைக்குள் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள்.

வெளியே வந்து இருவரும் நடந்தார்கள். மீன்கடைத் திருப்பத்தில் ஹெஸ்டர் நின்றுவிட்டாள்.

"என்னத் திட்டுடா. நாலு வார்த்த திட்டு."

சைலஸ் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"திட்டலாம்னுதான்க்கா வந்தேன். ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. வரிசைல மூக்கு செவந்தவன் எவனாவது கிண்ணத்த நீட்டினா, நான் கரண்டிய அடி வரைக்கும் விட மாட்டேன். மேல் தண்ணிய மட்டும் ஊத்தி அனுப்பிடுவேன். குளிர்ல செவந்திருக்கும், சளில செவந்திருக்கும், யாரு கேட்டா? ரெண்டு குளிர்காலமா அப்படித்தான் ஊத்தினேன். யாரும் சொல்லிக் குடுக்கல."

ஹெஸ்டர் அவன் முகத்தைப் பார்த்தாள். ஆற்றுக் காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. அவன் மூக்கு நுனி சிவந்துதான் இருந்தது.