ஒரு பக்கம் கை இல்லாத சோபா

யுத்தம் வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி, திண்டிவனத்தில் எங்கள் தெருவில் எங்கள் வீட்டில் மட்டும்தான் சோபா இருந்தது. மற்ற வீடுகளில் நாற்காலிகூடக் கிடையாது. எங்கள் சனம் மல்லாட்டைக் காட்டுக்கு, அதாவது நிலக்கடலைக் காட்டுக்கு, கூலிக்குப் போகிற சனம். அப்பா மட்டும் நாடகக் கம்பெனிகளுக்குப் படுதா வரையக் கற்றுக்கொண்டு அதிலிருந்து தப்பித்தார். அம்மா கன்னியாஸ்திரீகளிடம் பூத்தையல் கற்று, கோயில் பீடத்துணிகளுக்குத் தைத்துக் கொடுப்பாள். அண்ணன் பிடில் வாசிப்பான். பெண்ணாகப் பிறந்தும் எனக்கு ஒரு கைவேலையும் வரவில்லை. அகப்பட்ட அச்சுக் காகிதத்தையெல்லாம் படுத்துக்கொண்டு படிப்பேன், அவ்வளவுதான்.

விழுப்புரத்தில் முகாம் போட்டிருந்த ஒரு கம்பெனி கலைந்தபோது, மேடைக்கு அடித்திருந்த தேக்குச் சட்டங்களை அதன் முதலாளி அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனார். அந்தத் தேக்கைத் தடவிப் பார்த்ததிலிருந்து அப்பாவுக்குச் சோபா ஆசை பிடித்துக்கொண்டது. கடையில் இருக்கிற மாதிரி வேண்டாம், நம் வீட்டு ஆட்களுக்கென்றே இருக்க வேண்டும் என்றார். பழைய படுதாவின் பின்பக்கத்தில் கரித்துண்டால் வரைந்து, ஒவ்வொருவரையும் கூப்பிட்டு எப்படி வேண்டும் என்று கேட்டார்.

அண்ணனுக்கு வில் இழுக்கிற கை இடிக்கக் கூடாது. அதனால் வலது ஓரத்தில் கையே வைக்கவில்லை. இடது ஓரத்துக் கை, அப்பா வண்ணக் கிண்ணங்களை வைப்பதற்காக முறம் போல அகலமாக வந்தது. அம்மாவின் நூல்கண்டுகளை மாட்ட முதுகுச் சட்டத்தில் மர முளைகள். நான் கால் நீட்டிப் படுக்க வேண்டும் என்றேன். சிரித்துக்கொண்டே நீளத்தை ஒரு முழம் கூட்டினார்.

விழுப்புரம் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த ஆசாரி ரயில்வே வெயிட்டிங் ரூமுக்கு நாற்காலி செய்தவர். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாபா, ஒரு கைய மறந்துட்டியா?"

"மறக்கல. அது எம் புள்ள பிடில் வாசிக்கிற எடம்" என்றார் அப்பா.

இலவம்பஞ்சு மெத்தைக்கு அம்மா உறை தைத்தாள். ஆறு மாதம் ஆயிற்று. ரோஜாவும் லில்லியும் போட்டுப் போட்டு அலுத்துவிட்டது என்று சொல்லி மல்லாட்டைச் செடியைத் தைத்தாள். மேலே மஞ்சள் பூ, கீழே மண்ணுக்குள் கொத்துக் கொத்தாய்க் காய். சின்ன வயதில் அதைப் பிடுங்கிப் பிடுங்கிக் கை காய்த்தவள் அவள். மாட்டுவண்டியில் சோபா வந்து இறங்கிய நாளில் தெருவே எங்கள் வீட்டுக்குள் இருந்தது. எல்லோரும் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மறு வருஷம் எங்கள் கோயிலுக்கு மேற்றிராணியார், அதாவது ஆண்டவர் என்று நாங்கள் சொல்கிற பிஷப், வருவதாக ஏற்பாடாகியது. கோயில் காரியங்களைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஊர்த்தெருக்காரர், நிலபுலம் உள்ளவர். அதுவரை எங்கள் தெருவில் கால் வைத்ததில்லை. அன்றைக்கு வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, ஆண்டவர் உட்காரத் தகுந்த ஆசனம் கோயிலில் இல்லை, உன் சோபாவைக் கொடு, நாலு நாளில் திரும்பி வந்துவிடும் என்றார். அப்பாவுக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது.

கதவுக்குப் பின்னால் நின்ற அம்மா மெதுவாகச் சொன்னாள்: "அவர உள்ள வந்து அதுல ஒரு நிமிஷம் உக்காரச் சொல்லுங்க. அப்புறமா குடுக்கலாம்."

அப்பா காதில் விழாதது போல இருந்துவிட்டார்.

ஞானஸ்நானம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்றாலும் கோயிலில் எங்கள் சனத்துக்குக் குறுக்கே அடித்திருந்த கிராதிக்கு இந்தப் பக்கம்தான் இடம். அங்கிருந்து எட்டிப் பார்த்தேன். சோபாவின் மேல் சிவப்பு வெல்வெட்டை இழுத்து விரித்திருந்தார்கள். அம்மாவின் தையலில் ஒரு பூகூட வெளியே தெரியவில்லை. கை இல்லாத ஓரத்தைத் தொட்டிச் செடி வைத்து மறைத்திருந்தார்கள்.

நாலு நாள் பத்து நாளாயிற்று. அப்பா இரண்டு தரம் போய், பெரியவரைப் பார்க்க முடியாமல் திரும்பினார். மூன்றாம் தரம் நானும் கூடப் போனேன்.

"ஆண்டவர் உக்காந்த ஆசனம்பா" என்றார் பெரியவர். "அத மறுபடி உங்க தெருவுக்கு எப்பிடி அனுப்புறது? கோயில்லயே இருக்கட்டும். உனக்கும் புண்ணியந்தானே."

அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். ஏதாவது சொல்வார் என்று அவர் முகத்தையே பார்த்தேன்.

"சரிங்க ஐயா" என்றார்.

அண்ணன் வீட்டில் சண்டை போட்டான். "அவங்க எடுத்துக்கினு போவாங்க, நாம பாத்துக்கினு நிக்கணுமா?" என்று கேட்டான். அதற்குப் பிறகு அண்ணன் வீட்டில் பிடிலைத் தொடவில்லை. யுத்தம் வந்ததும் முதல் ஆளாகப் பட்டாளத்துக்குப் போனான்.

அம்மா யாரிடமும் சொல்லாமல் நேரே கோயில் பங்குச் சாமியாரிடம் போனாள். "மரத்த நீங்களே வச்சிக்குங்க சாமி. துணி என் கையால தச்சது. அத குடுங்க" என்று கேட்டிருக்கிறாள். சாமியார் தலையைக் குனிந்துகொண்டு பிரித்துத் தரச் சொன்னாராம். பிரிக்கும்போதுதான் பார்த்திருக்கிறாள், வலது ஓரத்தில் புதிதாக ஒரு கை அடித்துச் சேர்த்திருந்தது. வீட்டுக்கு வந்து உறையை டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினாள். பீடத்துணி தைக்கச் சொல்லிக் கன்னியாஸ்திரீகள் இரண்டு தரம் ஆளனுப்பினார்கள். கண் தெரியவில்லை என்று சொல்லிவிட்டாள். அவள் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை.

கொஞ்ச காலம் கழித்து அப்பா பேச ஆரம்பித்தார். "ஆண்டவர் உக்காந்தாரே, அது நம்ம வூட்டு சோபாதான்." முதலில் தெருக்காரர்களிடம் சொன்னார். பிறகு படுதா வாங்க வந்தவர்களிடம். சொல்லச் சொல்ல, அவரே போய்க் காணிக்கையாகக் கொடுத்தது போல ஆகிவிட்டது. பெரியவர் வாசலில் நின்றதும், தான் மூன்று தரம் நடந்ததும் அந்தப் பேச்சில் இல்லை.

என்னைப் பெண் பார்க்கக் கோலியனூரிலிருந்து வந்தவர்களிடமும் அதையே சொன்னார். அவர்கள் பாயில் உட்கார்ந்து வாய் பிளந்து கேட்டார்கள். அப்படிப்பட்ட வீட்டுப் பெண் என்பதில் அவர்களுக்கு ரொம்பத் திருப்தி. அம்மா எழுந்து கொல்லைப் பக்கம் போனவள் அவர்கள் கிளம்பும்வரை திரும்பவில்லை. நான் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தேன். பெண் வெட்கப்படுகிறது என்று யாரோ சொன்னார்கள்.