லஞ்சக் கொழுந்து

பதினெட்டு கிலோ. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நல்லதண்ணிக்குப் போகிற பாதையில், எங்கள் தோட்டத்தின் மேல்கணக்கு மலையில் ஒரு பெண் நாளுக்குப் பதினெட்டு கிலோ தேயிலைக் கொழுந்து எடுத்தால்தான் அவளுக்கு முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம். பதினேழரை என்றால் அரைப் பேர். அந்த அரைக் கிலோவுக்காக நானும் தோட்டத்து மேனேஜர் துரையின் ஆபீஸ் வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். ஆனால் இது என் கதை அல்ல. நிலக்ஷியின் கதை.

நிலக்ஷி, அந்த மலையில் கொழுந்து எடுக்கிற லெட்சுமியின் ஒரே மகள். வாய் கொஞ்சம் நீளம். பத்தாம் வகுப்பில் படிக்கும்போது தொழிற்சங்கத்தின் தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு வந்தாள். சந்தா கட்டுகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள், மேடையில் மட்டும் ஏன் ஒருத்தியும் இல்லை என்று கேட்டாள். தலைவருக்கு அன்றைக்கு இருமல் வந்துவிட்டது. பல்கலைக்கழகம் கிடைத்தபோது எல்லாரும் டீச்சராக வரச் சொன்னார்கள். அவள் வரலாறும் அரசியலும் எடுத்தாள். செத்தவனையும் திருடனையும் படித்து என்ன செய்யப்போகிறாய் என்று எங்கள் லயத்து வீடுகளில் கேலி. யார் எவன் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா என்று அவள் பதில்.

இரண்டாம் வருஷ முடிவில் கையில் காசு வற்றிவிட்டது. லெட்சுமிக்கு முழங்கால் போய், வேலைக்குப் போவது பாதியாகக் குறைந்தது. கினிகத்தேனையில் போன் கடை வைத்திருக்கும் ஸுஹைர் நானா, கல்லாவில் உட்கார வா என்று நிலக்ஷிக்கு இடம் போட்டு வைத்தார். அந்த நேரத்தில்தான் கொழும்பில் ஒரு நிதியம், வரலாறும் அரசியலும் படிக்கிற மாணவர்களுக்கென்றே ஒரு புலமைப்பரிசில் அறிவித்தது. படிப்பு முடியும்வரை விடுதியும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. கிடைத்தால் படிப்பு. கிடைக்காவிட்டால் கல்லா. அவ்வளவுதான் விஷயம்.

சும்மா கொடுக்கமாட்டார்கள். மக்களிடம் நேரில் கேட்டு ஒரு கட்டுரை எழுத வேண்டும். பிறகு குழுவின் முன்னால் நேர்முகம். நிலக்ஷி எடுத்த விஷயம், பறிபோன குடியுரிமை திரும்பக் கிடைத்த பிறகு தோட்டத்துப் பெண்கள் போட்ட முதல் ஓட்டு.

நல்ல விஷயம். ஆனால் அவர்களை எங்கே பிடிப்பது? வேலை விட்டு வந்தால் அடுப்பு, தண்ணீர், துணி. ஞாயிற்றுக்கிழமை டவுன். அந்தப் பெண்கள் மனம் விட்டுப் பேசுகிற ஒரே இடம் கொழுந்து மலை. நிலக்ஷி போனை நீட்டிக்கொண்டு அங்கேயே போனாள். கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த மீனம்மா பழைய கதையில் இறங்கியதும் அவள் கை நின்றது. கங்காணி நிரஞ்சன் கீழேயிருந்து சத்தம் போட்டான். மீனம்மா அவனை விட்டுவிட்டு இவளைப் பிடித்தாள்.

"கத சொல்றேன் புள்ள, அது பெரிய காரியமில்ல. சாயங்காலம் தராசுல கொறஞ்சா ஒங்க யுனிவர்சிட்டியா எனக்குப் பேர் போடும்?"

மறுநாள் நிலக்ஷி இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு மலையில் நின்றாள். யார் பேசுகிறார்களோ அவர்களுக்குப் பக்கத்தில் நின்று கொழுந்து கிள்ளி, அவர்கள் கூடையில் போட்டாள். போன் கழுத்தில் தொங்கிக்கொண்டு பதிவு செய்தது. லெட்சுமி மகளை ஒருநாளும் கொழுந்துக்கு விட்டதில்லை. அதனால் முதல் நாள் கிள்ளியதில் பாதி முத்தல் இலை. மீனம்மா அதை அள்ளி வீசிவிட்டு, "எங் கதையவாச்சும் ஒழுங்காப் பொறுக்கு" என்றாளாம்.

போகப் போக விரல் பழகியது, கட்டுரையும் வந்தது. தவறு எங்கே என்றால், நடந்ததை அப்படியே எழுதிவிட்டாள். ஒவ்வொருவரும் பேசிய நேரத்தில் அவருக்காக நான் கொழுந்து பறித்து அவர் கூடையில் சேர்த்தேன் என்று ஒரு வரி. தகவல் சொல்கிறவருக்குப் பணமோ பொருளோ கொடுக்கக்கூடாது என்பது நிதியத்தின் விதி. அதை அவள் படித்தும் இருந்தாள். கொழுந்தும் ஒரு பொருள் என்று தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்குத் தோன்றவேயில்லை. கொழும்பிலிருந்து போன் வந்தது. கட்டுரை நன்றாக இருக்கிறது, ஆனால் விதியை மீறியதற்கு நேர்முகத்தில் விளக்கம் சொல்ல வேண்டும்.

லயத்தில் ஒரே சிரிப்பு. தான் லஞ்சம் வாங்கியது பேப்பரில் வருமா, வந்தால் நல்ல போட்டோவாகப் போடச் சொல் என்றாள் மீனம்மா. லெட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. தெரியாமல் எழுதிவிட்டேன் என்று சொல்லி அந்த வரியை எடுத்துவிடு என்று மகளிடம் மன்றாடினாள். நிலக்ஷி கட்டுரையை அப்படியே பையில் வைத்துக்கொண்டு ஹட்டனில் ரயில் ஏறிவிட்டாள்.

குழுவில் ஐந்து பேர். தலைவர், ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துப் பேராசிரியர். கெட்ட மனிதர் இல்லை. அந்த ஒரு வரியை வெட்டிவிட்டால் தாங்களும் பார்க்காததுபோல இருந்துவிடலாம் என்று அவரே வழி காட்டினார். நானாக இருந்தால் வெட்டியிருப்பேன்.

"வெட்டினா மிச்சமெல்லாம் எப்படிக் கெடச்சதுன்னு தெரியாமப் போயிரும் சேர்," என்றாள் நிலக்ஷி. "நான் அவங்களுக்கு ஒண்ணும் குடுக்கல. அவங்க நேரத்த எடுத்தேன். எடுத்ததத் திருப்பி வச்சேன்."

"அதைத்தானே பிள்ளை கூலி எண்டு சொல்லுறது?"

"இன்னைக்கு என்கிட்ட கேள்வி கேட்டு நேரம் போனதுக்கு உங்க சம்பளத்த அரைப் பேராக் கொறைப்பாங்களா சேர்?"

குழுவில் இருந்த சிங்கள அம்மையாருக்கு அரைப் பேர் என்றால் என்னவென்று புரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் விளக்கியதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுத்தான் சரியான கேள்வியைக் கேட்டார். நீ கொழுந்து எடுத்துக் கொடுத்தால், உனக்குப் பிடித்த மாதிரிதானே அவர்கள் பேசுவார்கள்?

நிலக்ஷி போனை மேசையில் வைத்து, பதிவில் இருந்த மீனம்மாவைப் பேசவிட்டாள். ஓட்டுப் போடப் போய் வரிசையில் நின்று கால் கடுத்ததுதான் மிச்சம், கும்பிட்டுக்கொண்டு வந்தவன் அப்புறம் இந்தப் பக்கமே வரவில்லை, இதெல்லாம் கேட்கிற இந்தப் பிள்ளைக்கோ கொழுந்து எடுக்கவும் தெரியவில்லை, கேள்வி கேட்கவும் தெரியவில்லை. இருந்தாலும் அடுத்த தேர்தலுக்கு மீனம்மா முதல் ஆளாக வரிசையில் போய் நின்றாளாம்.

"லஞ்சம் வாங்குனவங்க இப்படியா மேடம் பேசுவாங்க?" என்று மட்டும் கேட்டாள் நிலக்ஷி.

அவளை வெளியே உட்காரச் சொன்னார்கள். கதவுக்குள் சத்தம் கேட்டதாம். ஒத்துப்போகவில்லை, அதனால் கையைத் தூக்கித் தீர்மானித்தார்கள். அந்த வரியோடேயே புலமைப்பரிசில் நிலக்ஷிக்கு.

நாலு கை ஆதரவு, ஒரு கை எதிர்ப்பு.