மதாமின் அப்பாவுக்கு ஓர் உடுப்பு

முதலியார்பேட்டை கோவிந்தராசுவுக்குத் தலைக்கனம் உண்டென்றால் அது அவன் அளவு டேப்பைப் பற்றித்தான். மில்லில் பதினோரு வருஷம் தறி ஓட்டியவனை எழுபத்து மூன்றில் ஆள்குறைப்பு என்று வெளியே அனுப்பினார்கள். மனுஷன் அசரவில்லை. பழைய தையல் மிஷின் ஒன்றைக் கடைத்தெருவில் போட்டு உட்கார்ந்தான். ஐந்தே வருஷத்தில் பேர் எடுத்துவிட்டான். "முதுகைக் காட்டினா போதும், ஆள் யாருன்னு சொல்லிடுவேன்" என்பான். சொல்லியும் விடுவான், படுபாவி!

அந்த வியாழக்கிழமை ஃபெலிசித்தே மதாம் ஓட்டமும் நடையுமாக வந்தாள். ஆப்பிரிக்காவில் தாஹோமே நாட்டு யொரூபா இனத்துக்காரி. அங்கே பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த நம்மூர் அல்போன்ஸைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து பதினாறு வருஷம். பேரம் பேசினால் மீன்காரி தோற்றுப்போவாள், அவ்வளவு தமிழ்! பின்னால் அவள் தம்பி துந்தே நின்றான். சரக்குக் கப்பலில் வேலை. கப்பல் மதராஸில் நிற்க, நாலு நாள் லீவில் அக்காவைப் பார்க்க வந்திருந்தான்.

"கோவிந்தராசு, எங்கப்பா செத்து மூணு வருஷமாச்சு. என்னால போவ முடியல. ஞாயித்துக்கிழமை அவரு என் வூட்டுக்கு வரப்போறாரு. அவருக்கு உடுப்பு தைக்கணும்."

கோவிந்தராசு விழித்தான். மதாம் மூச்சு விடாமல் சொன்னாள். அவர்கள் ஊரில் செத்த பெரியவர்கள் துணி உடுத்தித் திரும்பி வருவார்கள். எகுங்குன் என்று பேர். உரிமை பெற்ற ஆண்பிள்ளை அதை உடுத்தி ஆடும்போது, வந்து நிற்பது அப்பாதான். துந்தேவுக்கு அந்த உரிமை உண்டு. திங்கட்கிழமை அவன் கிளம்பிவிட்டால் அப்புறம் எப்போது வருவானோ!

"வேஷம் கட்டறதா மதாம்? ஜமாய்ச்சிடலாம்!"

"வேஷமில்ல. அப்பா."

சரி சரி என்று தலையாட்டிவிட்டுத் துந்தேவை அளந்தான். தோள், மார்பு, இடுப்பு, மணிக்கட்டு. சனிக்கிழமை காலையில் சிவப்பு வெல்வெட்டில் உடுப்பு தயார். துந்தே போட்டுக்கொண்டான். ஆகா, என்ன பொருத்தம்! கழுத்தில் காலர், கையில் பட்டை, இடுப்பில் கச்சிதம். கோவிந்தராசு பூரித்துப் போய் மதாமைப் பார்த்தான்.

மதாம் அழுதுகொண்டிருந்தாள்.

"துந்தே தெரியறான். எங்கப்பா எங்க? நகம்கூட வெளிய தெரியக் கூடாது கோவிந்தராசு. ஆள் தெரிஞ்சா அவரு வரமாட்டாரு!"

கோவிந்தராசுவுக்குச் சுரீர் என்றது. வருஷா வருஷம் தன் வீட்டில் படையலுக்கு அப்பனுக்கென்று புது வேட்டி வைக்கிறானே, அதற்கு என்றைக்காவது அளவெடுத்தானா? "அட மடையா!" என்று தலையில் அடித்துக்கொண்டான். டேப்பைச் சுருட்டி மிஷின் டிராயரில் போட்டுப் பூட்டினான்.

அப்புறம் பார்க்க வேண்டுமே வேகத்தை! தையலையெல்லாம் பிரித்தான். "சொந்தக்காரங்க ஆளுக்கொரு துணி தரணும்" என்றாள் மதாம். அவளுடைய ஊர்த் துணிகள் வந்தன. அல்போன்ஸ் தன் பட்டாளத்துக் கோட்டையே கழற்றிக் கொடுத்தார். "கல்லறைத் திருநாளுக்கு நாம மெழுகுவத்தி ஏத்தலியா? அவளுக்கு இது" என்று, கேட்காதவர்களுக்கும் பதில் சொன்னார். மகள் சகாயசெல்வி, பார்த்தேயிராத தாத்தாவுக்காகத் மாதா கோயிலில் புதுநன்மை வாங்கியபோது போட்ட தன் வெள்ளைக் கவுனை நீட்டினாள். எல்லாவற்றையும் பட்டை பட்டையாக வெட்டித் தலையிலிருந்து தரை வரை அடுக்கடுக்காகத் தொங்கவிட்டான். முகத்துக்கு என்ன செய்வது? சைக்கிளை மிதித்து வீராம்பட்டினம் போய்ப் பொடிமீன் வலை வாங்கி வந்து இரண்டு மடிப்பாகத் தைத்தான். கைக்கும் காலுக்கும் உறை. ஞாயிறு மத்தியானம் கடைசி நூலைப் பல்லால் கடித்து அறுத்தபோது, சாப்பிட்டோமா என்பதே அவனுக்கு நினைவில்லை.

சாயங்காலம் அல்போன்ஸ் வீட்டு முற்றத்தில் தெருவே கூடிவிட்டது. வீராம்பட்டினத்துப் பம்பைக்காரர்கள் வெளுத்து வாங்கினார்கள். யாரும் கிட்டே போய்த் தொட்டுவிடக் கூடாது என்று அல்போன்ஸ் கம்போடு நின்றார். கதவு திறந்தது.

வந்தது! ஒரு சுற்று, இரண்டு சுற்று. பட்டைகள் எல்லாம் விரிந்து எழும்பின. கவுனின் வெள்ளை, கோட்டின் பச்சை, வெல்வெட்டின் சிவப்பு. துணிக்காற்று குபீரென்று எல்லார் முகத்திலும் அடித்தது. அந்தக் காற்றுதான் ஆசீர்வாதம் என்று மதாம் சொல்லியிருந்தாள். வலைக்குள்ளிருந்து கரகரத்த குரல் ஒன்று அவள் மொழியில் ஏதோ கேட்டது. மதாம் முழந்தாளிட்டு, அழுதுகொண்டே சிரித்துப் பதில் சொன்னாள்.

சைக்கிள் கடை மண்ணாங்கட்டிக்கு இருப்புக்கொள்ளவில்லை. கோவிந்தராசுவின் விலாவில் இடித்தான்.

"டேய், உள்ள அந்தக் கப்பக்கார தம்பிதானே? நீதானே அளவெடுத்தே! முதுகப் பாத்துச் சொல்லுடா!"

கோவிந்தராசு பார்த்தான். உற்றுப் பார்த்தான்.

"மதாமோட அப்பாடா" என்றான். "கையெடுத்துக் கும்புடு."